மோசேயின் இரண்டு பிள்ளைகள்

ஆறிப்போன ஆட்டுக்கறிக் குழம்பின் மேல் வெள்ளையாகப் படியும் கொழுப்புதான் என் சிறுவயது ஞாயிற்றுக்கிழமைகளின் வாசனை. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சிறிய சபையின் போதகர் என் அப்பா. ஆராதனை முடிந்ததும் சாக்கடைத் தகராறிலிருந்து சம்பந்தி சண்டை வரை எல்லாமே அவரைத் தேடி எங்கள் வாசலுக்கு வந்துவிடும் என்பதால், நானும் தம்பியும் அவருக்காகக் காத்திருந்து, கடைசியில் அவர் இல்லாமலேயே சாப்பிட்டு எழுவோம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் அம்மா வேதாகமத்தில் வரும் மோசேயின் கதையைச் சொன்னார். காலை முதல் மாலைவரை மோசே ஒருவரே மக்களுக்கு நியாயம் தீர்ப்பதைப் பார்த்த மாமனார், இப்படியே போனால் நீயும் சோர்ந்துபோவாய், ஜனங்களும் சோர்ந்துபோவார்கள், நல்லவர்களாகப் பார்த்துப் பொறுப்பைப் பிரித்துக் கொடு என்றாராம். என் மனமோ, அந்த மாமனார் வரும்போது மோசேயின் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூடவே அழைத்துவந்தார் என்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன். "ஏனுங்கப்பா, மோசே அந்த ரெண்டு பசங்ககிட்டயும் பேசுனாருங்களா?"

வேதத்தில் அப்படி எதுவும் எழுதவில்லை என்று சொன்னவர், அந்தப் பகுதியை எடுத்து மறுபடி வாசித்துப் பார்த்தார்.

அடுத்த மாதமே, தன்னிடம் வரும் வழக்குகளைக் கேட்கச் சபையில் நான்கு பேரைப் பொறுப்பில் வைத்தார். அவர்களில் ஒருவர், பஞ்சாலையில் வேலை பார்த்த மரியக்கா. பொம்பளை பஞ்சாயத்தா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர் கைக்கு வந்த முதல் வழக்கோ, அப்பாவே மூன்று முறை பேசியும் தீராதது: லேத் பட்டறை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர், தாயை ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ளும் "மொறை"யில் தகராறாகி, சபைக் கோயிலில்கூட ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

மரியக்கா இருவரையும் பேசவிட்டுக் கேட்டபின் சொன்னாராம்: "ஆத்தா எங்க இருக்கோணும்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லிப்போட்டீங்க. ஆத்தாளக் கேட்டீங்களா?"

அதுவரை யாருமே, என் அப்பா உட்பட, கேட்டிருக்கவில்லை. மரியக்கா கேட்டதும் அந்தத் தாய் நிதானமாகச் சொன்னாராம்: "பொட்டியத் தூக்கீட்டு ஊடு ஊடா அலைய என்னால முடியலீங்க. நா மக ஊட்டுலயே இருந்துக்கறனுங்க."

மூத்தவர் தலைகுனிந்தபடி ஒப்புக்கொண்டார். இளையவரோ தன்னை ஊர் முன்னால் கேவலப்படுத்திவிட்டதாக மரியக்கா மேல் கோபித்துக்கொண்டு கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

வழக்குகள் அந்த நால்வரிடம் போகத் தொடங்கியதும், அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். முதல் சில வாரங்கள் என்ன பேசுவதென்று அவருக்கே தெரியவில்லை. சோற்றைப் பிசைந்தபடி வாசலை எட்டிப் பார்ப்பார். ஆள் வராதது அவருக்குக் கொஞ்சம் வலித்தது என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

இன்று அந்தக் கோயில் மாடிக் கட்டிடமாகிவிட்டது. சண்டை வந்தால் சிலர் வக்கீலிடம் போகிறார்கள், சிலர் வேறு சபைக்கே போய்விடுகிறார்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேசித் தீர்க்கும் வழக்கம் அற்றுப்போய்விட்டது. போன வருடம் மரியக்கா இறந்தபோது இப்போது நான் இருக்கும் சரவணம்பட்டியிலிருந்து அடக்கத்துக்குப் போயிருந்தேன். பெட்டியைத் தூக்க ஆட்கள் கூடியபோது, நரைத்த தலையோடு ஒருவர் கூட்டத்தை விலக்கி வந்து, யாரும் கூப்பிடாமலே முன்பக்கம் தோள் கொடுத்தார். அந்த லேத் பட்டறை இளையவர்தான்.