விருந்தினருக்குக் காட்டிய நீலம்

மெழுகுச் சாயத் துணி என்றாலே எனக்கு இப்போது குமட்டுகிறது. மெழுகு வாடையால் அல்ல, நான் செய்த காரியத்தால்.

முகத்துவாரக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வண்ணம் கலக்கவும், துணியில் மெழுகால் வரைந்து சாயத்தில் முக்கவும் சொல்லிக்கொடுத்தேன். செலவு பக்கத்துத் தொழிற்சாலையுடையது. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது என்று நான் விளக்க ஆரம்பித்ததுமே ஏழு வயதுப் பெண் ஒருத்தி முந்திக்கொண்டாள்.

"தெரியும் மிஸ். எங்கப்பா ஆத்துல எறங்கிட்டு வந்தா கால்ல எண்ண ஒட்டிகினு கீதுல்ல, தண்ணி ஊத்துனா நிக்காம ஓடிடும்."

கடலை வரையச் சொன்னேன். அவள் மெழுகால் ஒரு படகு போட்டாள். பிறகு நீலத்தில் சிவப்பையும் மஞ்சளையும் கொட்டிக் கலக்கி, கறுப்பும் பழுப்புமாக ஒரு சாயம் பண்ணித் துணியை முக்கினாள். மெழுகை உருக்கி எடுத்ததும் அந்தச் சாக்கடை நிறத்தின் நடுவே வெள்ளைப் படகு நின்றது. குப்பத்துத் தண்ணீர் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கிறது. தொழிற்சாலை வைக்கவிருந்த கண்காட்சியில் இதைத்தான் முதலில் மாட்டுவேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

தொழிற்சாலை அதிகாரி வந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். விருந்தினர் வருகிற நாளில் கடல் நீலமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். மறுத்தால் வகுப்பே நின்றுவிடும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு, அவரிடம் பல்லைக் காட்டினேன். கருஞ்சாயம் ஏறிய துணியை நீலமாக்க முடியாது. அதனால் புதுத் துணியில் நானே அதே படகை வரைந்து, பளிச்சென்ற நீலத்தில் முக்கி, அவள் பெயரை எழுதி மாட்டினேன். சீ, இதுவும் ஒரு பிழைப்பா?

விருந்தினர் அவளைக் கூப்பிட்டு, இவ்வளவு அழகான நீலத்தை எதைப் பார்த்துக் கலந்தாய் என்று கேட்டார். அவள் துணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்க வூட்டாண்ட கீற தண்ணியப் பாத்துதான் சார்."

எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கங்கெட்டு நானும் தட்டினேன். என் மானத்தைக் காப்பாற்ற ஒரு குழந்தை பொய் சொல்லியிருந்தது.

கூட்டம் கலைந்ததும் வந்து என் துப்பட்டாவை இழுத்தாள். "என் துணிய குடுங்க மிஸ். அப்பாகிட்ட காட்டணும்."

காலையில் மெழுகுச் சட்டியைத் துடைக்க நான் அதைத்தான் எடுத்திருந்தேன்.