ஜிபிஎஸ் காட்டிய வீடு

அண்ணா, உன்மேல் முதலில் சந்தேகப்பட்டது அண்ணி இல்லை. நான்தான். அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

பெங்களூரிலிருந்து நீ வண்டியில் வைக்க வழி காட்டுகிற அந்த ஜிபிஎஸ் டப்பாவை வாங்கி வந்த அன்றே எனக்கு அது பிடிக்கவில்லை. பில் இல்லை. அட்டைப்பெட்டி ஒரு பக்கம் கிழிந்து, டேப் போட்டு ஒட்டியிருந்தது. கம்பெனி ஆட்களை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போகும் வாடகைக் கார் உன்னுடையது இல்லை, ஓனருடையது. பெங்களூருக்குள் வழி தெரியாமல் சுற்றினால் திட்டு மட்டும் உனக்கு. அதனால்தான் இருப்பதிலேயே மலிவான ஒன்றை வாங்கினாய். ஸ்டாண்டில் ஒரு டிரைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "இது வழி காட்றதுக்கு இல்லடா. நீ எங்க போற, எங்க படுத்துத் தூங்குறன்னு ஓனருக்குப் போட்டுக் குடுக்கறதுக்கு." நீ சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னாய். நான் அதை நம்பினேன்.

எட்டாவது வரை படித்த நான்தான் நம் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள். கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை, அதனால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். வரிசையாக ஒட்டிக் கட்டின நம் லைன் வீட்டு ஷீட் கூரைக்குக் கீழே அதற்குச் சிக்னல் வரவில்லை. வாசலுக்குக் கொண்டுபோய் வானம் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றேன். தமிழ் இல்லை. ஒரு பொம்பளை இங்கிலீஷில் பேசினாள்.

அடுப்படியிலிருந்து அண்ணி கேட்டாள்: "யாரு மாமா அவ, நம்ம வாசல்ல நின்னு பேசறவ?"

"உன் சக்களத்தி."

"அவ பேச்ச நம்பிப் போயி லாரிக்கடியில வுட்றாத. அப்புறம் நாந்தான் வந்து இழுக்கணும்."

பிறகு ஒரு வீட்டுப் படம் வந்தது. உங்கள் வீடு எங்கே என்று கேட்டது. "இங்கயே அமுக்கிரலாம்ணா" என்றேன். நீ என் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கிக்கொண்டாய். "அத நான் போட்டுக்கறேன், நீ வுடு."

மறுநாள் விடிந்ததும் தனியாகக் கிளம்பிப் போனாய். திரும்பி வந்தபோது அந்தப் பொம்பளையின் குரல் கம்மிப்போயிருந்தது, ஜலதோஷம் பிடித்த மாதிரி. பின்பக்கம் குரல் வருகிற ஓட்டைகளில் மஞ்சளாக ஏதோ கறை. "பாத்தியா, பழைய மாலக் குடுத்து ஏமாத்திட்டாங்க" என்றேன். நீ அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாய்.

அடுத்த வருஷம் ஸ்டாண்டில் கார் கழுவிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரி போகிறவரை கூடத் தாங்கவில்லை. காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஓனர் வீட்டிலிருந்து உன் சாமானை ஒரு கேரி பேக்கில் போட்டு அனுப்பினார்கள். ஒரு துண்டு, ஒரு சீப்பு, அந்த ஜிபிஎஸ்.

நான் அதைச் சார்ஜ் போட்டு வாசலுக்கு எடுத்துப்போய் வீட்டுப் படத்தை அமுக்கினேன். வேறு எதற்கும் இல்லை. நீ தினம் அமுக்கியிருக்கிற பட்டன் என்று நினைத்துத்தான். நம் வீட்டிலேயே நிற்கிறேன், கிட்டத்தில்தானே காட்ட வேண்டும்? இருபத்து மூன்று கிலோமீட்டர் என்றது. கோடு தளி ரோட்டில் போனது.

கல்யாணத்துக்கு முன்னால் நீ இரண்டு வருஷம் தளிப் பக்கம் முட்டைக்கோஸ் லோடு வண்டி ஓட்டினாய். வாரக்கணக்கில் அங்கேயே தங்குவாய். எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெடுக்கென்று பிடுங்கியது, தனியாகப் போனது. அந்தக் கறையை மோந்து பார்த்தேன். எனக்கு அது பொம்பளை பூசுகிற மஞ்சளாகத்தான் தெரிந்தது.

இதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை. குழாயடியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். வாய் நிற்கவில்லை, அண்ணா. சாயந்திரத்துக்குள் அது அண்ணியிடம் வந்துவிட்டது. அண்ணி தினம் புதுப் பூ வைக்கிற உன் போட்டோவில் மறுநாள் காலை பழைய பூவே வாடிக் கிடந்தது.

"எனக்கு முன்னாடி லைனுக்கே சொல்லிட்ட?" என்றாள் அண்ணி.

"இல்ல அண்ணி, அது வந்து..."

"பேசாத. எடு அந்த மிஷின. போயிப் பாத்துரலாம். அந்த வூட்ல யாரு இருக்கான்னு தெரியாம நான் இனிமே அவருக்குப் பூ வெக்க மாட்டேன்."

தளி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை வெளியே காட்டிப் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம்தான் சார்ஜ் நிற்கும், அதனால் நடுவில் அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். பஸ் ஒரு ஊருக்குள் திரும்பினதும் ஜிபிஎஸ் பொம்பளை கம்மின குரலில் என்னவோ கத்தினாள். முன் சீட்டுப் பெரியவர் திரும்பினார். "என்னா கண்ணு அது, ரேடியோவா? தொண்ட கட்டிக்கிச்சா?"

"எங்க சக்களத்திங்க" என்றாள் அண்ணி. சிரிக்கவில்லை.

ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது இறங்கி நடந்தோம். இரண்டு பக்கமும் கோஸ் தோட்டம், குளிர் காற்று. வழியில் ஒரு ஓட்டு வீட்டு வாசலில் மூன்று வயசுக் குழந்தை ஒன்று நின்றது. அண்ணி அப்படியே நின்றுவிட்டாள். நானும் அதன் மூக்கைப் பார்த்தேன், உன் மூக்கு இருக்கிறதா என்று. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆனால் அன்றைக்குப் பார்த்தேன்.

நம்பர் குறைந்து குறைந்து பூஜ்யம் ஆன இடத்தில் வீடே இல்லை. ஒரு புங்க மரம். அடியில் சந்தனம் பூசின முனீஸ்வரன் கல். மண்ணில் டயர் தடம், நசுங்கின எலுமிச்சம்பழம். அண்ணி மரத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். அங்கேயும் கோஸ்தான்.

பூவும் எலுமிச்சம்பழமும் விற்கிற ஒரு அம்மா கேட்டாள்: "வண்டி எங்கம்மா? பூஜைக்கு வண்டி இல்லாம வந்திருக்கீங்க?"

நான் ஜிபிஎஸ்ஸைக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஹௌதும்மா, ஆமாம்மா, இது எனக்குத் தெரியும்! கோஸு லோடு ஓட்டின டிரைவரண்ணா கொண்ணாந்தாரு. எல்லாரும் காரு, டிராக்டரு கொண்ணாருவாங்க. இவரு டப்பாவக் கொண்ணாந்து சாமி முன்னால வெச்சாரு. நாந்தான் சந்தனம் கொழச்சுக் குடுத்தேன், ஓட்டையெல்லாம் அப்பிட்டாரு. 'டப்பாக்கு என்னாத்துக்குண்ணா பூஜை'ன்னேன். 'புது நோட்டுல மொதல்ல புள்ளையார் சுழி போடறதில்லையா, அப்படித்தான். இதுல மொத எடம் சாமி எடமா இருக்கணும்'னாரு. 'இது வூட்டுக்கு வழி சொல்றதாச்சே'ன்னேன். 'எங்க வூட்டுக்கு வழி எனக்குத் தெரியாதா'ன்னாரு." பிறகு கேட்டாள், "நல்லா இருக்காரா?"

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்தான் சொன்னேன்.

அந்த அம்மா பூக்கூடையை இழுத்துக்கொண்டாள். இரண்டு முழம் சாமந்தி அளந்து கொடுத்தாள், காசு வாங்க மாட்டேன் என்றாள். அண்ணி வம்படியாகக் காசைக் கையில் திணித்தாள். "வூட்டுப் படத்துல போயி யாராச்சும் சாமிய வெப்பாங்களா? கிறுக்கு மனுசன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஹேர்பின்னால் ஓட்டையிலிருந்த சந்தனத்தைக் குத்தி எடுக்கப் பார்த்தேன். "வுடு. அவ தொண்ட அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அன்று சாயந்திரம் உன் போட்டோவில் அந்தச் சாமந்திதான்.

நான் குழாயடிக்குப் போய்ப் பக்கத்து வீட்டு அக்காவிடம் எல்லாம் சொன்னேன். "ஓ, கோயிலா? சரி சரி" என்றாள். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. நான் சொன்ன முதல் பேச்சு ஒரு பொழுதுக்குள் லைன் முழுக்கச் சுற்றி வந்தது. இந்தப் பேச்சு குழாயைத் தாண்டவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வாயிலிருந்து கிளம்பின அந்தப் பேச்சைக் கேட்டவர்களையும், எங்களை யாரென்றே தெரியாமல் இதைப் படிக்கிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். என் அண்ணனுக்கு ஒரே வீடுதான். ரோட்டோரச் சாமியைத் தாண்டும்போது வண்டிக்காரர்கள் ஒரு ஹாரன் அடிப்பார்களே, அந்த நேரத்தில் நீங்கள் கும்பிடுகிற எந்தச் சாமியிடமாவது அவனுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். எல்லோரும்.