ஓட்டாமல் விட்ட ரீல்

ஐம்பதுகளில் ராயபுரத்துக் கொட்டகை ஒன்றில் நான் படம் ஓட்டும் ஆபரேட்டர். மீனவனும் ஆங்கிலோ இந்தியப் பெண்ணும் காதலிக்கிற புதுமாதிரிப் படம் ஒன்று வந்தது. அதில் பாட்டே இல்லை. ஐந்தாம் ரீல் முழுக்க இருவரும் பேசாமல் கடற்கரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஜனங்கள் பொறுமையிழந்து விசிலடித்தார்கள். எனக்கும் அலுப்பு. மறுநாள் அந்த ரீலை ஓட்டாமல் விட்டேன்.

மேட்னி முடிந்ததும் காசிமேட்டு மீனவர் ஒருவர், கவுன் போட்ட தன் மனைவியோடு என் அறைக்கு ஏறி வந்தார்.

"ரெண்டு பேரும் பேசாம குந்திகினு இருப்பாங்களாமே, அது எங்க நைனா? கட்டிக்கின புதுசுல இவ பாஷை எனக்குத் தெரியாது, என்னுது இவளுக்குத் தெரியாது. நாங்களும் அப்டித்தான் குந்திகினு இருப்போம். அத்தக் காட்டத்தான் இட்டாந்தேன்."

ரீல் என் காலடியில்தான் இருந்தது. "படமே அவ்வளவுதான்" என்றேன்.

இருவரும் பேசாமல் படியிறங்கினார்கள். கடைசிப் படிவரை பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது எனக்கு அலுப்புத் தட்டவில்லை. கூப்பிடத்தான் வாய் வரவில்லை.