என் திரையில் மட்டும் தெரிந்த ஃபோல்டர்

முதலியார்பேட்டையில் ஒரு மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். பிரெஞ்சுப் பாடநூல்களுக்குப் பக்கம் அமைத்து, பிழை திருத்தி அனுப்புவோம். எல்லாருடைய கோப்புகளும் இருக்கும் சர்வருக்கு நான்தான் பொறுப்பு. யாருக்கு எந்த ஃபோல்டர் தெரிய வேண்டும் என்பதெல்லாம் என் கையில். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

மூலக்குளத்திலிருந்து வரும் ஒரு பெண், பயிற்சி முடிந்து பிழைதிருத்தும் பிரிவுக்கு மாறியிருந்தாள். அப்பா வேலை பார்த்த மில் மூடிய பிறகு, வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது ஒன்றுதான். மாறிய முதல் நாளே என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, திருத்தம் போடுற ஃபோல்டரே காணோம்ணா."

என் கணினியிலேயே திறந்து பார்த்தேன். "தோ இருக்குதே. கண்ணாடி போட்டுக்கினு பாரும்மா."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள், நானும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவள் வரவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் எல்லார் முன்னாலும் அவளை நிற்கவைத்துக் கத்தினார். அவள் திருத்தி ஏற்ற வேண்டிய நான்கு அத்தியாயங்கள் சர்வரில் ஏறவில்லை. "ஃபோல்டரே தெரியல சார்" என்றாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"இருக்குதே சார்" என்றேன்.

அவ்வளவுதான். வேலை செய்யாமல் பொய் சொல்கிறாள் என்று அப்போதே மெமோ அடித்துவிட்டார். மூன்று மணிக்குள் அவள் பெயரில் ஏறாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

அவள் என்னைத் திட்டவில்லை. "ஒரே ஒருவாட்டி என் சீட்ல வந்து பாருங்கண்ணா" என்றாள்.

போய்ப் பார்த்தேன். ஃபோல்டர் இல்லை. நான் நிர்வாகி, சர்வர் என்னிடம் எதையும் மறைக்காது. என் திரையில் தெரிவதை வைத்து அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

அனுமதியை எடுத்துவிட்டு மறுபடி கொடுத்தேன். வரவில்லை. சர்வரையே நிறுத்தி ஓடவிட்டேன். மொத்த அலுவலகமும் என்னை ஏசியது. அப்போதும் வரவில்லை. அவள் திருத்தி வைத்திருந்ததை நானே ஏற்றலாம் என்றால் என் பெயரில் பதிவாகும், மேலாளர் பெயரைத்தான் பார்ப்பார். மணி இரண்டே கால். அடித்த கடவுச்சொல்லே இரண்டு முறை தப்பானது. "கடவுளே, ஒரு குடும்பத்தையே தெருவுல விடப்போறேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

இரண்டு நாற்பதுக்குத்தான் சர்வரில் அவள் எந்தெந்த அனுமதிக் குழுவில் இருக்கிறாள் என்று பார்க்கத் தோன்றியது. இரண்டில் இருந்தாள். புதுக் குழுவில் சேர்த்த நான், பயிற்சிக் குழுவிலிருந்து எடுக்கவில்லை. யாரையும் நான் எடுப்பதே இல்லை. எடுத்தால் வேறு ஏதாவது கெட்டுவிடுமோ என்ற பயத்தில், 'இருந்துட்டுப் போவட்டும்' என்று விட்டுவிடுவேன். பயிற்சியில் இருப்பவர்கள் அசல் வேலையில் கை வைத்துவிடக் கூடாது என்று அவர்களுக்கு அந்த ஃபோல்டரை மறைத்ததும் நான்தான். ஒரு குழு காட்டச் சொல்லி இன்னொரு குழு மறைக்கச் சொன்னால், எங்கள் சர்வர் மறைத்துவிடும்.

பழைய குழுவிலிருந்து பெயரை எடுத்தேன். அவள் சர்வரிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே நுழைந்தாள்.

"வந்துடுச்சுண்ணா!" அழுதுவிட்டாள். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நான்காவது அத்தியாயமும் ஏறியது.

என்ன ஆச்சு என்று மேலாளர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"சர்வர்ல சின்னக் கோளாறு சார், சரி பண்ணிட்டேன்" என்றேன். அவர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

வேலை தப்பியது. மெமோவை மட்டும் யாரும் எடுக்கவில்லை. 'வேலை செய்யாமல் பொய் சொன்னார்' என்று, பணியாளர் கோப்புகளுக்கான ஃபோல்டரில் அவள் பெயரில் இருக்கிறது. அதைத் திறக்க அவளுக்கு அனுமதி இல்லை. எனக்கு உண்டு. அழிக்கவும் உண்டு. ஆனால் மேலாளரிடம் உண்மையைச் சொல்லாமல் அதில் கை வைக்க எனக்கு முகமில்லை. சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை.