செக் நாட்டில் எங்கள் சொந்த ஊர்

ஆறாம் வகுப்பில் எனக்கு ஒரு சொந்த ஊர் அவசரமாகத் தேவைப்பட்டது. பொங்கல் விடுமுறைக்குள் ‘எங்கள் ஊர்: வரலாறும் புவியியலும்’ என்று நான்கு பக்கம் எழுதி, கடைசியில் அப்பாவின் கையெழுத்தும் வாங்கிவர வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். தொண்ணூறுகளின் கடைசி அது. கடலோரத்தில் அணு ஆராய்ச்சி நிலைய ஊழியர்களுக்குக் கட்டிய எங்கள் குடியிருப்பில் எல்லோருமே வேறு எங்கிருந்தோ வந்தவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததும் முதலில் ஊரைக் கேட்பார்கள், பிறகுதான் பெயர். பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே தஞ்சாவூருக்கும் திருநெல்வேலிக்கும் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

நாங்கள் மட்டும் மாமல்லபுரத்துக்குப் போவோம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதற்குள் இறங்க வேண்டிய தூரம். அது அம்மாவின் ஊர். அதையே எழுதிவிடலாம் என்றால், வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பாவின் ஊர்தான் சொந்த ஊராம். அப்பாவிடம் கேட்டேன். தெற்குப் பக்கம் என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே தேய்த்த சட்டையை மறுபடி தேய்க்கப் போய்விட்டார். இன்னொரு முறை கேட்கலாம் என்று வாயைத் திறந்தபோது அம்மா கண்ணாலேயே அடக்கினாள். இத்தனை அப்பாக்களில் ஊரே இல்லாத ஒருவர் எனக்கென்று வாய்த்தாரே என்று அவர்மேல் எரிச்சலாக வந்தது.

மாமல்லபுரத்தில் அம்மாவின் தம்பியிடம் போய் அழுதேன். கடற்கரைக்குப் போகும் சந்தில், வெளிநாட்டுக்காரர்களுக்கு நான்கு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார் மாமா. தன்னால் ஆகாத காரியம் என்று ஒன்று இருப்பதாக அவர் நம்பியதே இல்லை.

“இன்னாத்துக்கு அய்வுற? ஊருதான வேணும்? மாடில ஒரு ஊரு சும்மா கீது, வா.”

மாடி அறையில் செக் நாட்டு அம்மாள் ஒருவர் தங்கியிருந்தார். அறுபது வயதிருக்கும். தன் ஊர்க் குளிருக்குப் பயந்து தை பிறந்தால் வந்துவிடுவார். அவருடைய ஊர் ஒரு மலைமேல் இருந்தது. அதைப் பற்றிக் கேட்க ஒரு சிறுமி வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. படமே வரைந்துவிட்டார். நடுவில் ஓடை, ஓடைக்கு இந்தப் பக்கம் மாதா கோயில், அந்தப் பக்கம் முப்பது வீடுகள், மேலே காடு. காட்டை வெட்டி அடுப்பெரித்துக் கண்ணாடி செய்ய வந்தவர்கள்தான் ஊரை உண்டாக்கினார்களாம்.

சுற்றுலாக்காரர்களுக்குக் குகைகளைக் காட்டிச் சேர்த்த ஆங்கிலத்தில் மாமா அதைக் கேட்டு, எனக்குத் தமிழில் சொன்னார். சொல்லும்போதே ஊரை நமக்குத் தோதாகத் திருத்திக்கொண்டும் வந்தார். காட்டு மரம் பார்க்கச் சவுக்கு மாதிரி இருந்ததால் சவுக்கு ஆயிற்று. ஆப்பிள் மரம் கொய்யா ஆனது. ஐந்து மாதம் பனி கொட்டும் என்றதை ஐந்து மாதம் மழை என்று எழுதச் சொன்னார். தமிழ்நாட்டில் அப்படியொரு ஊர் இருந்தால் எல்லோரும் அங்கேயே குடிபோயிருப்பார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பிறகு அந்த அம்மாள் வேறு ஒன்று சொன்னார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களை, வேறு பாஷை பேசுகிறவர்கள், எதிரியின் ஆட்கள் என்று ஊரைவிட்டே அனுப்பிவிட்டார்கள். தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ள விட்டார்கள். காலியான வீடுகளில் வெளியிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள். இந்த அம்மாளின் குடும்பமும் அப்படிக் குடியேறியதுதான். ஒருநாள் தோட்டத்தைக் கொத்தும்போது, யாரோ திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று துணி சுற்றிப் புதைத்துவைத்த பீங்கான் கோப்பைகள் ஆறு கிடைத்தனவாம்.

இதை எப்படித் திருத்தலாம் என்று மாமாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. “அத்த அப்பிடியே எய்து” என்றார்.

விடுமுறையின் கடைசி நாள் காலையில், குடியிருப்பில், நோட்டை அப்பாவிடம் நீட்டினேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தார். கொய்யா மரத்துக்குச் சிரித்தார். மழைக்கு இன்னும் கொஞ்சம் சிரித்தார். மூன்றாம் பக்கம் வந்ததும் யார் சொன்னது என்று கேட்டார். மாமா என்றேன். மாடி அறை அம்மாளைப் பற்றி மூச்சுவிடவில்லை. அப்பா, அம்மா இருந்த அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அதே பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். பேனா மை காய்ந்திருக்கும். அகப்பட்டுவிட்டேன், இனி கையெழுத்து கிடைக்காது என்று நினைத்தேன்.

“அந்தக் கோப்பையெல்லாம் அவங்ககிட்ட திருப்பிக் குடுத்தாங்களாம்மா?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்றால் கையெழுத்துப் போடாமல் விட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

“குடுத்துட்டாங்கப்பா. ஆறையும் குடுத்துட்டாங்க.”

அவர் தலையாட்டினார். பேனாவை உதறிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் எழுந்துபோய் நெடுநேரம் முகம் கழுவினார். வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். டீச்சர் சிவப்பு மையில் ‘நன்று’ போட்டார், மழை என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் ஒரு கோடு இழுத்திருந்தார்.

மறு தையில் அந்த அம்மாள் வந்தபோது மாமாவை விட்டுக் கேட்டேன். உரியவர்களைத் தேடிப் பார்த்தார்களாம், கிடைக்கவில்லை. கோப்பைகள் அலமாரியில்தான் இருக்கின்றன என்றார். அதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கையெழுத்துதான் எப்போதோ கிடைத்துவிட்டதே.

நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள், அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அம்மா சொன்னாள். தங்கள் தெருவுக்குள்ளும் தேர் வரட்டும் என்று அப்பாவின் ஆட்கள் ஒரு திருவிழாவில் கேட்டிருக்கிறார்கள். அடுத்த நாள் தெருவில் ஒரு கூரைகூட மிச்சமில்லை. அப்பாவுக்கு அப்போது பதினொரு வயது. கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் திரும்பவே இல்லை. பிள்ளைக்கு இது எதுவும் தெரியக்கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம்.

ஆறையும் கொடுத்துவிட்டார்கள் என்று அன்றைக்கு நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்பியிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.