கலந்துகொண்ட மாத்திரைகள்

பிள்ளைகளா, சர்க்கரை நோயால் என் பாதம் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்த காலம் அது. பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையில் நரம்பு வலிக்கான புது மாத்திரையை ஆராய்ச்சி செய்தார்கள். அதே எரிச்சல் உள்ள உங்கள் செந்துறை மாமாவும் நானும் சேர்ந்தோம். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மற்றவர்களுக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாதாம். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று தினமும் நோட்டில் எழுத வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் உங்கள் மாமா என் டப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மச்சான், ஒங்களுக்கு நிஜ மாத்திர, எனக்கு வெறும் மாவுன்னு ஆயிட்டா, எங்க அக்கா மூஞ்சில எப்படி முழிப்பீங்க?"

"அதுக்கு என்னடா பண்ணச் சொல்ற?"

"கலந்துருவோம். ஆளுக்குப் பாதி நிஜம் வந்துரும்ல?"

என் துண்டில் இரண்டு டப்பாவையும் கொட்டிக் கலந்து, பிரித்துக்கொண்டோம். ஒரே மாதத்தில் என் வலி எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. அவருக்கும் அப்படியே.

அடுத்த முறை டாக்டர் நோட்டைப் பார்த்து மகிழ்ந்தார். உங்கள் மாமாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"கொறையாம எப்படிங்க இருக்கும்? நாங்கதான் ரெண்டு டப்பா மாத்திரையையும் ஒண்ணாக் கலந்துக்கிட்டோமே!"

டாக்டர் தலையில் கை வைத்தார். "இனிமே ரெண்டு பேரையும் இதுல வச்சுக்க முடியாதுங்க."

"சரிங்க சார், வலி கொறஞ்சது மருந்தாலதானே?" என்றேன்.

"அதக் கண்டுபிடிக்கத்தான்யா இந்த ஆராய்ச்சியே!"

மீதி மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் எனக்குப் பாதம் எரிய ஆரம்பித்துவிட்டது.