உறை போட்ட நட்சத்திரங்கள்

பஹ்ரைனில் இருந்த கூட்டணிக் கடற்படைத் தளத்தில் துணைத் தளபதி என்ற பதவியையே எடுத்துவிட்டார்கள். அதில் இருந்தவர் தன் நாட்டுக்குப் போய்விட்டார். அவருடைய டிரைவர் அம்மையப்பனுக்கோ காண்ட்ராக்ட் முடியவில்லை.

"வண்டி சும்மா நின்னா பேட்டரி போயிடும். தினம் ஒரு ரவுண்டு எடு" என்றார் சூப்பர்வைசர் பாஸ்கர்.

அதிகாரி இல்லாமல் கார் போனால் அவர் பதவியைக் காட்டும் முன்பக்க நட்சத்திரப் பலகையை உறை போட்டு மூட வேண்டும். காலிப் பின்சீட்டோடு சுற்றிச் சுற்றி அம்மையப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏசியைக் கூட்டினான், குறைத்தான், கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் எரிச்சலில் உறையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாசலுக்கு ஓட்டினான். காவலாளி விறைப்பாக சல்யூட் அடித்தான். தடுப்புக் கம்பம் உயர்ந்தது. அம்மையப்பனின் கையும் தானாக நெற்றிக்குப் போய்விட்டது.

விஷயம் பாஸ்கர் காதுக்கு எட்டியது. "போஸ்ட்டே கலாஸ், முடிஞ்சு போச்சு. உனக்கு எதுக்குய்யா நட்சத்திரம்?" என்று கத்தி, பலகையைக் கழற்ற வைத்தார்.

மறுநாள் அதே கார், அதே வாசல். இத்தனை வருஷமாக இவன் ஓட்டிவந்த காருக்கு சல்யூட் அடித்த அதே காவலாளி, கண்ணாடியைத் தட்டினான்.

"நீ யாரு பாய்? பாஸ் காட்டு."